மூச்சுக்கு நடுவே ஒரு மடக்கு: குறைமாதக் குழந்தை பால் குடிக்கப் பழகும் விதம்

பச்சிளங்குழந்தைப் பிரிவின் கதவு திறக்கும்போதெல்லாம் வெளியே காத்திருக்கும் பாட்டிகள் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "பால் குடிக்குதா சிஸ்டர்?" எடையும் மூச்சும் அதற்கு அப்புறம்தான். "டியூப்ல போகுது பாட்டி, நல்லா செரிக்குது" என்பேன். முகம் சுருங்கிவிடும். டியூபில் போவதைக் குடிப்பதாக அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. "வாயில ரெண்டு சொட்டு விட்டுப் பாரேன்மா, பசியில சப்பிக்கும்" என்று கெஞ்சியவர்களும் உண்டு.

வாசலில் நின்றபடி அவர்களுக்குச் சொல்லி முடியாததை இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். குறைமாதக் குழந்தை வாயால் குடிக்காததற்கு வாயில் வலுவில்லாதது ஒரு காரணம்தான். பெரிய சிக்கல் மூச்சில் இருக்கிறது. மூச்சு விட்டுக்கொண்டே, அதன் நடுவில் கிடைக்கும் சின்ன இடைவெளியில் செய்ய வேண்டிய வேலை பால் குடிப்பது. பிறந்து பல வருஷம் ஆகிவிட்டதால் நமக்கு அது மறந்துபோயிருக்கிறது.

மாசக் கணக்கு உதவாது

"ஏழாம் மாசப் பிள்ளை தங்கும், எட்டாம் மாசப் பிள்ளை தங்காது" என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. எங்கள் பிரிவில் அது தினமும் பொய்யாகிறது. நாங்கள் எண்ணுவது வாரக் கணக்கு. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணி, 37 வாரம் முடியுமுன் பிறந்தால் குறைமாதம். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020இல் மட்டும் உலகெங்கும் சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் அப்படிப் பிறந்தன. அதில் ஐந்தில் ஒன்றுக்கும் மேல் இந்தியாவில்.

பிறந்த பிறகும் இந்த எண்ணிக்கையை நிறுத்துவதில்லை. 29 வாரத்தில் பிறந்து மூன்று வாரம் ஆன குழந்தையை எங்களுக்குள் 32 வாரக் குழந்தை என்றே பேசிக்கொள்வோம். பால் விஷயத்தில் எடையைவிட இந்த வயசுதான் பேசும். வயிற்றுக்குள் வளர்ச்சி குறைந்து 34 வாரத்தில் 1,400 கிராமோடு பிறந்த குழந்தை, சங்கில் கொடுத்ததை மளமளவென்று குடித்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அதே 1,400 கிராம் எடையில் 30 வாரத்தில் பிறந்தது, இரண்டாவது மடக்கிலேயே மூச்சை நிறுத்திவிடும்.

தொண்டையில் ஒரு ரயில்வே கேட்

விழுங்குவது குழந்தைக்குப் புதுசு இல்லை. கருவில் நான்கு மாதத்திலேயே பனிக்குட நீரை விழுங்க ஆரம்பித்துவிடுகிறது. நிறைமாதம் நெருங்கும்போது ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கும் மேல் விழுங்கும். ஆனால் அங்கே மூச்சைப் பற்றிய கவலை கிடையாது. ஆக்ஸிஜன் தொப்புள்கொடி வழியாக வந்துகொண்டே இருந்தது. வெளியே வந்த பிறகுதான் காற்றும் பாலும் ஒரே தொண்டையைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மூக்கிலிருந்து வரும் காற்று முன்பக்கமாகக் குரல்வளைக்குப் போக வேண்டும். வாயிலிருந்து வரும் பால் பின்பக்கமாக உணவுக்குழாய்க்குப் போக வேண்டும். இரண்டு பாதையும் தொண்டையில் குறுக்கே வெட்டிக்கொள்கின்றன. ரயில் போகும்போது சாலையில் கேட் போடுவார்களே, அதே ஏற்பாடுதான். பால் கடக்கும் ஒவ்வொரு முறையும் காற்றுப் பாதை மூடி, கடந்ததும் திறக்க வேண்டும். சாப்பிடும்போது சிரித்தால் நமக்குப் புரை ஏறுகிறதே, அது கேட் கீப்பர் அசந்த நேரம். யாரோ நினைக்கிறார்கள் என்று தலையில் தட்டிக்கொண்டு இருமி முடித்துவிடுகிறோம்.

குறைமாதக் குழந்தைக்கு இருமலும் சரியாக வராது. புரை ஏறினால் பல நேரம் சத்தமே இருக்காது. மூச்சு நின்றுவிடும், இதயத் துடிப்பு இறங்கும், உதட்டைச் சுற்றி நீலம் படரும், மானிட்டர் அலறும். ஒரு சொட்டு பாலுக்கு இவ்வளவா என்று தோன்றும். இவ்வளவுதான்.

நிறைமாதக் குழந்தை மார்பில் குடிப்பதைப் பக்கத்திலிருந்து கவனித்துப் பாருங்கள். பால் இறங்கிய பிறகு விநாடிக்கு ஒன்று என்ற கணக்கில் தாடை அசையும். ஒரு சப்பு, ஒரு விழுங்கல், ஒரு மூச்சு. காதைக் கிட்டே கொண்டுபோனால் "க்" என்று மெல்லிய சத்தம் கேட்கும், உடனே மூக்கில் காற்று வரும். பத்து இருபது தடவை இப்படி ஓடி, கொஞ்சம் நிறுத்தி, மறுபடி ஓடும். இந்த மூன்றையும் கோத்துக் கொடுப்பது மூளைத்தண்டு. 32 வாரத்துக்கு முன்னால் அங்கே கோர்வை இன்னும் விழுந்திருக்காது. 32லிருந்து 34க்குள் கூடிவர ஆரம்பித்து, 36, 37 வாக்கில்தான் நம்பிவிடும் அளவுக்கு வரும். யாரும் மந்திரம் போட்டு முன்னுக்கு இழுக்க முடியாது. அது வரும்போது வாய் தயாராக இருக்கும்படி பார்த்துக்கொள்ள மட்டும் முடியும். எங்கள் வேலையில் பாதி அதுதான்.

சப்புவதிலும் இரண்டு தனித்தனி வேலைகள் உள்ளன. நாக்கால் காம்பை மேலண்ணத்தோடு அழுத்திப் பிதுக்குவது ஒன்று. வாயை இறுக மூடி உள்ளே வெற்றிடம் உண்டாக்கி இழுப்பது இன்னொன்று. அமெரிக்காவில் ஹூஸ்டனில் இதை அளந்து பார்த்த ஷான்டல் லாவ், குறைமாதக் குழந்தைகளின் சப்பலை ஐந்து படிகளாகப் பிரித்துக் காட்டினார். முதலில் வருவது பிதுக்கல், அதுவும் ஒழுங்கில்லாமல். இழுப்பு பின்னால்தான் வந்து சேரும். இரண்டும் மாறி மாறித் தாளத்தோடு நடந்தால் அது ஐந்தாம் படி. நிறைமாதக் குழந்தைக்குக் கன்னத்தின் உள்ளே கொழுப்புத் திண்டு இருக்கும், அது இழுப்புக்கு முட்டுக் கொடுக்கும். சீக்கிரம் பிறந்ததற்கு அது இல்லாததால் சப்பும்போது கன்னம் குழிந்து காற்று புகுந்துவிடும். "மார்புல வெச்சா நாலு சப்பு சப்பிட்டு விட்டுடுறான், சோம்பேறி" என்று அம்மாக்கள் செல்லமாகத் திட்டுவார்கள். சோம்பல் எல்லாம் இல்லை. முட்டு இன்னும் வரவில்லை.

டியூபில் போகும் நாட்கள்

நம் நாட்டுப் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் நர்ஸ்களுக்குச் சொல்லித்தரும் கணக்கு எளிமையானது. 28 வாரத்துக்குக் கீழே குடலே இன்னும் ஒழுங்காக நகராது, ஆகவே முதலில் நரம்பில் ஏற்றும் டிரிப்ஸ் வழியாகத்தான் சத்து போகும். 28லிருந்து 31 வரை டியூப். 32லிருந்து 34 வரை பாலாடை, அதாவது சங்கு, அல்லது கரண்டி. 34 தாண்டினால் மார்பு. இது சராசரிக் கணக்கு. குழந்தைகள் இந்தப் பட்டியலைப் படித்துவிட்டுப் பிறப்பதில்லை.

டியூப் என்றதும் பயந்துவிடாதீர்கள். நூடுல்ஸ் கனத்தில் மெல்லிய குழாய், வாய் வழியாகவோ மூக்கு வழியாகவோ வயிறு வரை போகும். பச்சிளங்குழந்தை மூக்காலேயே மூச்சு விடும் என்பதால் மிகச் சிறியவற்றுக்கு நாங்கள் வாய் வழியாகப் போடுவதையே விரும்புவோம். எவ்வளவு நீளம் உள்ளே போயிருக்கிறது என்று குழாயில் அடையாளம் போட்டு, ஒவ்வொரு முறை பால் விடும் முன்னும் அந்த அடையாளம் நகரவில்லையே என்று பார்ப்போம். பிறகு ஊசி போடும் சிரிஞ்சின் உள்தண்டைக் கழற்றிவிட்டு வெறும் குழலைக் குழாயில் மாட்டி, பாலை ஊற்றி, குழந்தைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் பிடிப்போம். பால் தன் எடையில் தானே இறங்கும். உள்தண்டை வைத்து அழுத்தித் தள்ளக் கூடாது. அவசரத்துக்கு அழுத்தினால் வயிறு உப்பும், பால் எதுக்களிக்கும். இதைப் பிடிக்கும் வேலையை அம்மாவிடமே கொடுத்துவிடுவது நல்லது. இரண்டு நாள் கை நடுங்கும். மூன்றாம் நாள் குழந்தையோடு பேசிக்கொண்டே பிடிப்பார்.

அளவு கேட்டால் சிரிப்பு வரும். முழுப் பாலுக்கு வந்த 1,200 கிராம் குழந்தைக்கு, கிலோவுக்கு 150 மி.லி. என்று வைத்தால் ஒரு நாளைக்கு 180 மி.லி. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை என்று பன்னிரண்டாகப் பிரித்தால் தடவைக்கு 15 மி.லி. இருமல் மருந்து மூடியில் ஒன்றரை மூடி. முதல் நாள் இதில் பத்தில் ஒரு பங்குதான் கொடுத்து, குடல் தாங்குகிறதா என்று பார்த்துப் படிப்படியாக ஏற்றுவோம்.

இந்த வழி பழையது. 1880 வாக்கில் பாரிஸில் எத்தியேன் தார்னியே என்ற மகப்பேறு மருத்துவர் விலங்குக் காட்சிச்சாலையில் கோழிமுட்டைகளை அடைகாக்க வைத்திருந்த பெட்டியைப் பார்த்துக் குழந்தைகளுக்கும் அப்படி ஒன்று செய்யச் சொன்னார். "பெட்டியில வெச்சிருக்காங்க" என்று நாம் சொல்கிறோமே, அந்தப் பெட்டியின் பூர்வீகம் அதுதான். சப்பத் தெரியாத குழந்தைகளுக்குக் குழாயில் பால் கொடுப்பதையும் அவரே அங்கே பழக்கத்துக்குக் கொண்டுவந்தார்.

அம்மாவின் பங்கு இங்கே தொடங்கிவிடுகிறது. குழந்தை குடிக்காவிட்டாலும் மார்பு அதை அறியாது. பாலை எடுத்தால்தான் ஊறும். பிறந்த சில மணி நேரத்துக்குள் தொடங்கி, நாளைக்கு எட்டுத் தடவையாவது பீய்ச்சி எடுக்க வேண்டும், அதில் ஒன்றாவது நடுராத்திரியில். பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் இரவில்தான் அதிகம். முதல் நாள் சிரிஞ்சின் நுனியை நனைக்கும் அளவுக்குத்தான் சீம்பால் வரும். "இவ்வளவுதான் வந்துச்சு" என்று கூச்சத்தோடு நீட்டுவார்கள். அந்தக் கால் மி.லி.யை வாங்கிக் கன்னத்தின் உட்பக்கத்தில் இரண்டு சொட்டாகத் தடவிவிடுவோம். விழுங்க வேண்டியதில்லை. வாய்க்குள்ளேயே ஊறிப்போகும்.

அம்மாவுக்குப் பால் போதவில்லை என்றால் தாய்ப்பால் வங்கி இருக்கிறது. ஆசியாவிலேயே முதல் தாய்ப்பால் வங்கியை 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் தொடங்கினார். இன்று தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகள் பலவற்றில் உண்டு. பவுடர் பாலைவிட மனிதப் பாலில் வளரும் குழந்தைகளுக்குக் குடல் அழுகும் நோய் குறைவாக வருகிறது. குறைமாதக் குழந்தைக்கு அது உயிர் போகும் நோய்.

வாய் மறக்காமல் இருக்க

சிகிச்சைப் பிரிவில் கிடக்கும் குழந்தையின் முகத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மேலுதட்டில் பிளாஸ்திரி, வாயில் குழாய், நேரத்துக்கு ஒரு தடவை சளி உறிஞ்சும் டியூப். வாய்க்குக் கிட்டே வருவதெல்லாம் தொந்தரவு. நாலு வாரம் இப்படிப் போனால், அதன்பின் பால் வந்தாலும் அந்த வாய் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஆகவே டியூபில் பால் இறங்கும் நேரத்திலேயே வாய்க்கும் ஏதாவது நல்லது நடக்க வேண்டும். பால் நனைத்த பஞ்சை மூக்கருகே வைத்து வாசம் காட்டுவது, உதட்டில் ஒரு சொட்டு, கையைக் கழுவிய அம்மாவின் சுண்டுவிரல் நுனி. வயிறு நிறைவதும் வாய் சப்புவதும் ஒன்றாக நடந்தால் இரண்டுக்கும் முடிச்சு விழும்.

விரலால் கன்னம், உதடு, ஈறு, நாக்கு என்று வரிசையாக மென்மையாகத் தடவிவிடும் பயிற்சியும் இருக்கிறது. லாவும் அவருடன் வேலை செய்தவர்களும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், நாளைக்கு 15 நிமிடம் வீதம் பத்து நாள் இப்படிச் செய்த குழந்தைகள், வாயால் குடிக்க ஆரம்பித்ததிலிருந்து சராசரியாக 11 நாளில் முழுதாக வாய்ப்பாலுக்கு வந்தன. செய்யாதவற்றுக்கு 18 நாள் ஆயிற்று. 32 குழந்தைகளை வைத்துச் செய்த சிறிய ஆய்வுதான், ஆனால் பின்னால் வந்தவையும் அதே பக்கம்தான் காட்டுகின்றன. வீடியோ பார்த்து நீங்களே ஆரம்பித்துவிடாதீர்கள். தெரிந்தவர் கைபிடித்துக் கற்றுத்தர வேண்டிய வேலை அது.

எனக்கு மிகப் பிடித்த வழி இன்னும் எளிது. அம்மா பாலை முழுதாகப் பீய்ச்சி எடுத்துவிட்டு, காலி மார்பில் குழந்தையை வைப்பது. சப்பினால் ஒன்றிரண்டு சொட்டுதான் வரும், புரை ஏறும் பயமில்லை. கருவில் விரல் சப்பிய பழக்கம் அப்படியே தொடரும். அதோடு கங்காரு பராமரிப்பும் சேர்ந்துகொள்ளும். இன்குபேட்டர் போதாமல் திண்டாடிய கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1978இல் டாக்டர் எட்கர் ரே தொடங்கிய முறை அது: டயபரும் தொப்பியும் மட்டும் போட்ட குழந்தையை அம்மாவின் வெறும் நெஞ்சில் தவளை போல் ஒட்டவைத்துத் துணியால் கட்டிவிடுவது. டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையும் சேர்ந்து ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வு 2021இல் வெளிவந்தது. ஒரு கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட குழந்தைகளுக்குப் பிறந்ததுமே இதைத் தொடங்கினால் முதல் 28 நாளில் இறப்பு கால் பங்கு குறைகிறது என்று அது காட்டியது. பால் பழக்கத்துக்கும் இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. நெஞ்சில் கிடக்கும் குழந்தை ஒரு நாள் தானாகத் தலையை நகர்த்தி வாயைத் திறந்து தேடும். சாதாரணமாக 32 வாரத்தை ஒட்டி இந்தத் தேடல் தெளிவாகத் தெரியும். அதைப் பார்த்த அம்மாவின் உடுப்பு நனைந்துவிடும்.

பாலாடை

பாலில் படியும் ஆடையைச் சொல்லவில்லை. ஒரு பக்கம் மூக்கு நீண்ட சின்னக் கிண்ணம். நம் வீடுகளில் சங்கு என்பார்கள். வெள்ளிச் சங்கு தாய்மாமன் சீரில் வந்திருக்கும், மருத்துவமனையில் எவர்சில்வர். வெளிநாட்டு வீடியோக்களில் குறைமாதக் குழந்தைக்குப் புட்டியில்தான் கொடுப்பார்கள், மெதுவாக வரும் நிப்பிள், ஒருக்களித்துப் படுக்க வைப்பது என்று அவர்களுக்கு ஒரு முறை உண்டு. இங்கே புட்டி கழுவிக் கொதிக்க வைப்பதிலேயே ஆபத்து ஒளிந்திருக்கிறது. புட்டிக்கும் பவுடர் பாலுக்கும் விளம்பரமே செய்யக்கூடாது என்று 1992இல் போட்ட சட்டமும் இருக்கிறது. பாலாடையில் ஒளிந்துகொள்ள மூலை முடுக்கு இல்லை, தேய்த்துக் கழுவிக் கொதிக்க வைத்தால் தீர்ந்தது. சப்பத் தெரியாத வாய்க்கும் அது பொருந்தும். நாக்கால் நக்கி இழுத்து விழுங்கினால் போதும்.

செய்முறையை ஒரு அம்மாவோடு சேர்ந்து பார்ப்போம். திண்டிவனம் பக்கத்திலிருந்து வந்தவர். குழந்தை 29 வாரத்தில் பிறந்து அன்றைக்கு 33 ஆகியிருந்தது. குழந்தையைத் துணியில் சுற்றினோம், கை இரண்டும் நெஞ்சின் நடுவில் வரும்படி. கருவில் சுருண்டிருந்த மாதிரி இருந்தால்தான் வாய்க்குப் பலம் கிடைக்கும். மடியில் பாதி உட்கார்ந்த நிலை, பிடரிக்குக் கீழே அம்மாவின் கை, தலை பின்னால் சாயாமல். தாடைக்குக் கீழே ஒரு சின்னத் துணி. பாலாடையில் பாதி வரை பால். அதன் மூக்கைக் கீழுதட்டின் ஓரத்தில் வைத்துப் பால் உதட்டைத் தொடும் அளவுக்கு மட்டும் சாய்க்கச் சொன்னேன்.

"ஊத்தட்டுமா சிஸ்டர்?"

"ஊத்தாதம்மா. அவனே எடுத்துக்குவான், பாரு."

ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நாக்கு வெளியே வந்து உதட்டைத் தொட்டது. உள்ளே போயிற்று. தொண்டையில் சின்னதாக ஓர் ஏற்ற இறக்கம். "இப்ப சங்கை நேராக்கு. மூச்சு விடட்டும்." நெஞ்சு மூன்று தடவை ஏறி இறங்கியது. மறுபடி சாய்த்தோம். இருபது நிமிடத்தில் 9 மி.லி. பத்தாவதுக்கு நாக்கு வரவில்லை, கண் சொருகியது. மிச்சம் 6 மி.லி.யை டியூபில் விட்டுவிட்டோம்.

மறுநாள் அந்த அம்மா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். "நேத்து ஒன்பது எம்எல் குடிச்சான், இன்னைக்கு நாலுதான் சிஸ்டர்." இது எல்லா வீட்டிலும் வரும் இடம். படிப்பு ஏணி மாதிரி ஏறாது. இன்றைக்கு ஏறும், நாளைக்கு இறங்கும், முந்தின நாள் கண் பரிசோதனைக்குப் போய் வந்திருந்தால் அன்றைக்கு வாயையே திறக்காது. மி.லி. கணக்கைத் துரத்த ஆரம்பித்தால் ஆபத்து. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் துரத்தியிருக்கிறேன். கடைசி 5 மி.லி.யை முடித்துவிட வேண்டும் என்று தூங்கும் குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டி எழுப்பி எழுப்பிக் கொடுத்தேன். அது விழுங்கியது, மூச்சு விட மறந்தது. ஆக்ஸிஜன் அளவு 70க்கு இறங்கியதும் சீனியர் சிஸ்டர் ஓடிவந்து என் கையிலிருந்து வாங்கினார். குழந்தை தேறிவிட்டது. எனக்குத் தேற நாளாயிற்று.

ஆகவே சங்கைப் பார்க்காமல் முகத்தைப் பாருங்கள். தயாராக இருக்கும் குழந்தை கண் திறந்திருக்கும், கையை வாய்க்குக் கொண்டுபோகும், நாக்கை நீட்டும், தலையைத் திருப்பித் தேடும். அழுகை இதற்கெல்லாம் கடைசியில் வருவது, அழுது களைத்ததற்குக் குடிக்கத் தெம்பு இருக்காது. போதும் என்பதையும் அது சொல்லும். புருவம் தூக்கும், விரல்கள் விசிறி மாதிரி விரியும், மூக்குத் துவாரம் விடைக்கும், விக்கல் வரும், வாயோரம் பால் வழியும். உதட்டைச் சுற்றிக் கறுத்தாலோ நீலம் பாரித்தாலோ அந்த நொடியே நிறுத்தி, நிமிர்த்திப் பிடித்து, சிஸ்டரைக் கூப்பிட வேண்டும். கொடுப்பதற்கு முன்னாலேயே நெஞ்சு விறுவிறுவென்று அடித்துக்கொண்டு நிமிடத்துக்கு 60, 70 தாண்டி மூச்சு வாங்கினால் அந்த வேளைக்கு வாய்ப்பாலே வேண்டாம்.

வீட்டில் மூக்கைப் பிடித்துக்கொண்டு சங்கைக் கவிழ்க்கும் பழக்கம் இருக்கிறது. மூக்கை மூடினால் வாய் திறக்கும் என்பது அதன் நியாயம். மூக்கை விட்டால் மூச்சுக்கு வேறு வழி தெரியாத குழந்தைக்கு இதைவிடக் கொடுமை கிடையாது. கேட் கீப்பரைக் கட்டிப்போட்டுவிட்டு ரயிலையும் லாரியையும் ஒன்றாக விடுவது அது. தொக்கம் எடுப்பது, நாக்கில் தேன் சேனை தடவுவது, தெருவில் வரும் கழுதைப்பால் இவற்றையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். பாட்டிகளோடு நான் சண்டை போடும் இடம் இது ஒன்றுதான்.

மார்புக்கு

"பாலாடை, அப்புறம் புட்டி, கடைசியில்தான் மார்பு, மார்பில் குடிப்பது கஷ்டம்" என்று நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தார்கள். 1988இல் பவுலா மையர் என்ற அமெரிக்க ஆய்வாளர் அதை அளந்து பார்த்தார். ஒரே குறைமாதக் குழந்தைகள் புட்டியில் குடிக்கும்போது ஆக்ஸிஜன் இறங்கியது, மார்பில் குடிக்கும்போது அவ்வளவு இறங்கவில்லை. காரணம் கேட் விஷயம்தான். புட்டியில் பால் தானாகவும் சொட்டும், மார்பில் குழந்தை இழுத்தால் வரும், நிறுத்தினால் பெரும்பாலும் நிற்கும். மையர் ஒரு நர்ஸ் என்பதை இங்கே கொஞ்சம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்.

34 வாரம் என்பதும் சுவர் இல்லை. ஸ்வீடனில் கெர்ஸ்டின் நிக்விஸ்ட் என்ற ஆய்வாளர் கவனித்த குழந்தைகளில் சில 29 வாரத்திலேயே மார்பில் தேடிச் சப்பின, சில 32 வாரத்திலேயே முழுக்க மார்பில் குடிக்கும் அளவுக்கு வந்துவிட்டன. அப்படி வந்தவற்றின் நடுக்கணக்கு 35 வாரம், சில 38 வரை எடுத்துக்கொண்டன. அங்கே அம்மாக்கள் குழந்தையோடேயே பகலும் இரவும் இருக்க முடிந்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். பார்வை நேரம் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டு இந்த வேகத்தை எதிர்பார்க்க முடியாது. நம்மூரிலும் தாயை உள்ளே விடும் பிரிவுகள் பெருகிவருகின்றன. இன்னும் பெருக வேண்டும்.

மார்பில் வைக்கும்போது குறைமாதக் குழந்தைக்கு வாகான பிடி ஒன்று உண்டு. வலப்பக்க மார்பு என்றால் குழந்தையின் உடல் அம்மாவின் வலது அக்குளுக்குக் கீழே போக, வலது கையால் பிடரியைத் தாங்கிக்கொள்வது. பந்தை இடுக்கிக்கொண்டு ஓடுகிறவர் மாதிரி இருக்கும். முகம் நன்றாகத் தெரியும், தலை ஆடாது. பால் பீறிட்டு வரும் அம்மாவாக இருந்தால் முதலில் கொஞ்சம் பீய்ச்சி எடுத்துவிட்டு வைத்தால் குழந்தை திணறாது. மூன்று நாலு சப்பு, நீண்ட ஓய்வு, மறுபடி மூன்று நாலு என்று போகும். அந்த ஓய்வில்தான் அது மூச்சைச் சம்பாதிக்கிறது. காதைத் தடவி, கன்னத்தைத் தட்டி அவசரப்படுத்த வேண்டாம். எவ்வளவு குடித்தது என்று தெரிய வேண்டுமானால் அதே உடுப்போடு முன்னும் பின்னும் எடை போடலாம். 12 கிராம் கூடினால் 12 மி.லி. உள்ளே போயிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

வீட்டுக்குப் போகும் நாளை முடிவு செய்வதில் ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு எடைக் கணக்கு உண்டு. ஆனால் எல்லா இடத்திலும் கேட்கும் கேள்விகள் ஒன்றே: டியூப் இல்லாமல் எல்லா வேளையும் வாயால் குடிக்கிறதா, தொடர்ந்து சில நாளாக எடை ஏறுகிறதா, பெட்டிக்கு வெளியே உடம்புச் சூடு நிற்கிறதா, மூச்சு இடையில் நிற்காமல் இருக்கிறதா. போன பிறகும் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை எழுப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும், செல்போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். பசித்தால் அழும் என்று விட்டுவிட்டால் தூங்கியே வேளை தவறும். நாளைக்கு ஆறு தடவைக்குக் குறைவாகச் சிறுநீர் போனாலோ, குடிக்கும்போது வியர்த்தாலோ, நேற்று நன்றாகக் குடித்தது இன்று எல்லா வேளையும் மறுத்தாலோ அன்றைக்கே கொண்டுவாருங்கள். காலைவரை காத்திருக்க வேண்டாம்.

திண்டிவனத்து அம்மாவின் குழந்தைக்கு எங்கள் பிரிவில் ஒரு பால் அட்டை இருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு கட்டம், கட்டத்தில் அளவு, பக்கத்தில் எந்த வழி என்று ஓர் எழுத்து. முதல் நாலு பக்கமும் "டி", "டி" என்றே போயிருக்கும். ஐந்தாம் பக்கத்தில் ஓரிரு "பா" எட்டிப்பார்க்கும், அப்புறம் "டி"யும் "பா"வும் கலந்து கிடக்கும். 35 வாரம் ஆன அன்று அதிகாலை நாலு மணிக் கட்டத்தில் இரவு ட்யூட்டி சிஸ்டர் "மா" என்று எழுதி, அளவு எழுத வேண்டிய இடத்தில் "11 நிமிடம், நிறம் மாறவில்லை" என்று குறித்திருந்தார். ஆறு மணிக்குக் கதவு திறந்ததும் பாட்டி வழக்கமான கேள்வியைக் கேட்டார். நான் ஒன்றும் சொல்லாமல் அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போனேன்.